பறக்கும் கார் போதும், டீச்சர்!

அறிவியல் தினத்துக்கு ஓவியப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கும், அதற்கு நடுவராகப் போய் உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களுக்கு இணைப்புக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அந்த வேலையே இல்லாமல் போனபிறகு வேறு வேறு மேசைகளில் உட்கார்ந்து ஓய்வுபெற்றேன். ஓய்வுபெற்றவர்களுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு: கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், போக்குவரத்துச் செலவு கேட்கமாட்டார்கள். அந்த மரியாதையில்தான் சென்ற வருடம் பிப்ரவரி 28 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போனேன். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே வேண்டாம்.

தலைப்பு என்னவென்று உங்களுக்குத் தெரியும். "2050-ல் உலகம்." எல்லா ஊரிலும் எல்லா வருடமும் அதுதானே தலைப்பு, ஆண்டு மட்டும் தள்ளிக்கொண்டே போகும். என் பெரிய மகன் படித்த காலத்தில் அது "2000-ல் உலகம்" என்று இருந்தது.

நூற்றுச் சொச்சம் படங்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பத்துப் படம் பார்த்ததுமே மிச்சத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆகாயத்தில் கார். கண்ணாடிக் கட்டடம். தலையில் ஆண்டெனா முளைத்த ரோபோ. அந்த ரோபோ அநேகமாகத் தட்டில் காபி ஏந்தி நிற்கிறது. சோபாவில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு படங்களில் ரோபோவுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

நடுவில் ஒரு படம். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை வரைந்தது. ஒரு திண்ணை. அதில் வயதான அம்மாள் ஒருத்தி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. வாசலில் குழாய். மூலையில் நாலைந்து குடங்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஒரு குடத்தின் மேல் கோழி ஏறி நிற்கிறது. அடியில் எழுதியிருந்தாள்: "2050-ல் எங்க ஆச்சி சும்மா இருக்கா."

நடுவர்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஒருவர், "நல்லாத்தான் வரைஞ்சிருக்கு. ஆனா இதுல டெக்னாலஜி எங்க இருக்கு?" என்றார். நானும் தலையாட்டினேன். முதல் பரிசு பறக்கும் காருக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து கை கால் கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் வந்தது. என் அம்மாவுக்கு இப்படி வந்ததில்லை. தெருக்கோடி அடிபம்பிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக, அவள் சாகிறவரைக்கும் சுமந்தாள்.

அன்று தலையாட்டியது மனசில் முள்ளாகக் குத்தியதால், அப்புறம் ஒரு வேலை செய்தேன். பழைய காலத்து ஆட்கள் எதிர்காலத்தை எப்படி வரைந்தார்கள் என்று பேரனை விட்டுத் தேடச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பெரிதுபண்ணிப் பார்த்தேன். அதில் கண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் உண்டு.

பிரான்சு நாட்டில் 1899 தொடங்கி 1910 வரை, "2000-ஆம் ஆண்டில்" என்று ஒரு பட அட்டை வரிசை வந்தது. ழான்-மார்க் கோத்தே என்ற ஓவியரும் வேறு சிலரும் வரைந்தவை. எண்பத்தேழு அட்டைகளாவது இருக்கின்றன என்கிறார்கள். அந்தக் காலத்தில் அவற்றைப் பார்த்தவர்கள் அதிகமில்லை. 1986-ல் ஐசக் அசிமோவ் என்ற அறிவியல் கதை எழுத்தாளர் குறிப்புகள் எழுதிப் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் பரவலாகப் பார்த்தது. அழகான படங்கள். இறக்கை கட்டிப் பறக்கும் தபால்காரர், இறக்கை கட்டித் தீ அணைக்கும் வீரர்கள், திமிங்கிலத்தை வண்டியில் பூட்டியதுபோல் கடலுக்கடியில் பயணம். பறக்கிறவர்களுக்கெல்லாம் அதே 1900-ஆம் ஆண்டு மீசை, அதே தொப்பி. பெண்களுக்கு அதே தரை புரளும் பாவாடை. நூறு வருடத்தில் ஆகாயம் மாறும் என்று தோன்றியவர்களுக்கு உடுப்பு மாறும் என்று தோன்றவில்லை.

அதில் இரண்டு அட்டைகளை மட்டும் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்று பள்ளிக்கூடம். உங்கள் தொழில், அதனால் முதலில் அது. பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் காதை மூடும் கருவி. அதிலிருந்து கம்பிகள் மேலே போகின்றன. வாத்தியார் ஓரமாக நின்று, மாவு அரைக்கும் மிஷின் போன்ற ஒன்றில் புத்தகங்களைப் போடுகிறார். அரைபட்ட பாடம் கம்பி வழியாகக் காதுக்குள் இறங்குகிறது. ஹெட்போன், கம்பி, வீட்டில் இருந்தபடி வகுப்பு என்று கொரோனாக் காலத்தில் நாம் பட்டதையெல்லாம் நினைத்தால், நூற்றிருபது வருடம் முன்பே பிடித்துவிட்டாரே என்று ஆச்சரியப்படத் தோன்றும். ஆனால் மிஷினுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒரு பையன் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அவன் காதில் கருவி இல்லை. வகுப்பு முழுக்கப் பாடம் போகிறது, சுற்றுகிறவனுக்குப் போகவில்லை. ஓவியர் இதைக் கிண்டலாக வரைந்தாரா, கவனிக்காமல் வரைந்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் இந்தப் பையனைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, தரை தேய்க்கும் மின்சார மிஷின். பெரிய பங்களா. தூரிகைகள் வைத்த யந்திரம் தானாகச் சுழன்று தரையைத் தேய்க்கிறது. அதன் கம்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்காரப் பெண் நிற்கிறாள். 2000-ஆம் ஆண்டிலும் பங்களாவுக்கு வேலைக்காரி உண்டு. கையில் இருந்த துணிதான் மாறியிருக்கிறது. அந்த வரிசையில் உழவரின் படமும் ஒன்று இருக்கிறது. அவர் உட்கார்ந்த இடத்தில் நெம்புகோல்களை இழுக்க, வயலில் யந்திரங்கள் அறுக்கின்றன. அந்த வயலில் அதுவரை குனிந்து அறுத்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அட்டையில் இடமில்லை.

அதே சமயம் ஜெர்மனியில் ஹில்டெப்ராண்ட் என்ற சாக்லேட் கம்பெனியும் 2000-ஐப் பற்றி அட்டை போட்டது. ஊருக்கே கூரை, மழையை விரட்டும் மிஷின், தண்ணீர்மேல் நடை. பணக்காரக் குடும்பங்கள் உல்லாசமாகப் போகின்றன. ஊரைக் கூட்டுகிறவர் யாரும் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவில் 1900 டிசம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகையில் ஜான் எல்ஃபிரத் வாட்கின்ஸ் என்பவர், அடுத்த நூறு வருடத்தில் என்னென்ன நடக்கும் என்று நீளமான பட்டியல் கொடுத்தார். கம்பியில்லாத் தொலைபேசியில் உலகின் எந்த மூலைக்கும் பேசலாம் என்றார், சரியாகப் போயிற்று. வண்ணப் புகைப்படங்கள் தூர தேசங்களுக்குத் தந்தியில் போகும் என்றார், அதுவும் சரி. ஆப்பிள் அளவுக்கு ஸ்ட்ராபெர்ரி, ஆங்கில எழுத்தில் சி, எக்ஸ், கியூ மூன்றும் ஒழிந்துவிடும், கொசுவும் ஈயும் ஏறக்குறைய இல்லாமல் போகும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருக் கொசுவுக்கு அந்தப் பத்திரிகை வந்து சேரவில்லை.

அதே பட்டியலில், சமைத்த சாப்பாடு கடையிலிருந்து வீடு தேடி வரும் என்கிறார். காற்றுக்குழாய் வழியாகவோ மோட்டார் வண்டியிலோ வரும், சாப்பிட்டு முடித்த பாத்திரங்கள் கழுவத் திரும்பிப் போய்விடும். இன்றைக்குச் சாப்பாடு வீடு தேடித்தான் வருகிறது. எப்படி வருகிறது? குழாய் எதுவும் வரவில்லை. முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பைக் ஹாண்டிலில் போனைச் சொருகிக்கொண்டு, நனைந்தபடி ஒரு பையன் வருகிறான். எங்கள் தெருவுக்கு வருகிற பையன் பாலிடெக்னிக் முடித்தவன். "லொகேஷன் சரியாக் காட்டல அம்மா" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பையை நீட்டுவான். வாட்கின்ஸ் நினைத்த குழாய் அவன்தான்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த எதிர்காலப் படத்தைப் பார்த்தாலும், இதில் ஆள் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தேடுவது. தேடினால் கிடைக்கிறார்.

1959-ல் மாஸ்கோவில் அமெரிக்கர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் "அதிசயச் சமையலறை" என்று ஒன்று. பொத்தானைத் தட்டினால் தரை துடைக்கும் யந்திரம் தானாகக் கிளம்பி வந்து துடைத்துவிட்டுத் திரும்பும். அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் சமையலறைச் சாமான்களை முன்னால் வைத்துக்கொண்டு சண்டை போட்டது அந்தக் கண்காட்சியில்தான். சாப்பாட்டை வாயில் ஊட்டித் தொண்டைக்குள் தள்ளும் மிஷின் உங்களிடம் இல்லையா என்று குருஷ்சேவ் குத்தலாகக் கேட்டார். அந்தத் தரை துடைக்கும் யந்திரத்தின் ரகசியம் பிற்பாடு வெளியே வந்தது: மறைவில் ஓர் ஆள் நின்று அதை ஓட்டிக்கொண்டிருந்தார். தானாக ஓடியது என்று எல்லாரும் வாய்பிளந்தது அவரைத்தான்.

இன்னொருவர் ஆர்தர் கிளார்க் என்ற அறிவியல் கதை எழுத்தாளர். நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான். 1956-லிருந்து 2008-ல் இறக்கும்வரை இலங்கையில் இருந்தார். அதற்கு முன்பே, 1945 அக்டோபரில், ஒரு வானொலி இதழில் கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைய டிவி, தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அந்தக் கணக்கின் வழியில் போனவை. ஆனால் அவர் மனசில் இருந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். அப்போது ரேடியோ என்றால் உள்ளே பல்பு மாதிரி எரியும் வால்வு. வால்வு என்றால் எரிந்துபோகும். எரிந்தால் மாற்ற ஆள் வேண்டும். வால்வின் இடத்தைப் பிடித்த டிரான்சிஸ்டர் வந்தது 1947 கடைசியில். கிளார்க்கை இதற்காக நான் கேலி செய்யமாட்டேன். வால்வை யார் மாற்றுவது என்று யோசித்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

என் கதைக்கும் வருகிறேன். நீங்கள் மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த முனைக்கும் உங்களுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். தலையில் ஹெட்செட், கையில் கார்டு, முன்னால் விளக்குகள் மினுக்கும் போர்டு. ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதவேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். லைட்னிங்குக்குக் கட்டணம் பல மடங்கு, அதனால் ராத்திரியில் லைட்னிங் வந்தாலே எங்களுக்கு அடிவயிறு கலங்கும். சாவுச் செய்தியைச் சொந்தக்காரருக்கு முன்னால் நாங்கள் கேட்டுவிடுவோம். "மூணு நிமிஷம் ஆச்சு" என்று ஒரு அழுகையின் நடுவில் குறுக்கே பேசுவது எவ்வளவு கொடுமை தெரியுமா?

என்னைப் போன்றவர்களை ஒழிக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் தன் போட்டிக்காரருக்கே கால்களைத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அந்த ஆத்திரத்தில் யோசித்து, ஆளில்லாமல் இணைப்புக் கொடுக்கும் கருவிக்கு 1891-ல் காப்புரிமை வாங்கினார் என்று கதை சொல்வார்கள். நம் நாட்டில் ஆபரேட்டர் இல்லாமல் ஊர்விட்டு ஊர் பேசும் எஸ்.டி.டி. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவில் தொடங்கியது. எங்கள் பக்கம் அது வந்து எங்கள் போர்டை ஓரம்கட்ட வெகுகாலம் ஆனது. வேலை போன வருத்தம் எனக்கு இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் போனதில் வருத்தமில்லை. இரண்டும் உண்மை.

வீடியோ போனைப் பற்றி ஒரு வரி. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி முகம் பார்த்துப் பேசும் போனைக் காட்டியது. நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய மூன்று ஊர்களில் தனி அறைகள். முன்பதிவு செய்துவிட்டுப் போய்ப் பேசவேண்டும். மூன்று நிமிடத்துக்குக் குறைந்தது 16 டாலர். 1970-ல் பிட்ஸ்பர்க்கில் ஆபீசுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடவில்லை. இப்போது என் தங்கை துபாயில் இருக்கும் மகனோடு அதில்தான் பேசுகிறாள். பாதி நேரம் அவள் வீட்டு மின்விசிறிதான் அவனுக்குத் தெரியும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். ஆள் ஒளிந்திருக்காத படம் ஒன்றுகூட இல்லையா என்று தேடியபோது, சென்னையிலேயே ஒன்று அகப்பட்டது. 1905-ல் மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில மாத இதழில், இந்தியப் பெண்களுக்காக ஒரு பெண்ணே நடத்திய இதழில், ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காளப் பெண் ஒரு கதை எழுதினார். "சுல்தானாவின் கனவு" என்பது பெயர். அவர் 1880-ல் பிறந்தவர். அப்போது இருபத்தைந்து வயதுகூடச் சரியாக ஆகியிருக்குமோ என்னவோ. திரைக்குள் வளர்ந்தவர். கணவர் அரசு அதிகாரி. அவர் சுற்றுப்பயணம் போயிருந்த சமயத்தில் ரொக்கேயா பொழுதுபோகாமல் எழுதினாராம். கணவர் திரும்பி வந்து, நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

கதையில் சாய்வுநாற்காலியில் கண்ணயரும் பெண், வேறொரு நாட்டில் கண்விழிக்கிறாள். பட்டப்பகலில் தெருவில் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே விட்டால் அவர்களால் ஆபத்து, அதனால் உள்ளே வைத்திருக்கிறோம் என்று பெண்கள் விளக்கம் சொல்கிறார்கள். அந்த நாட்டிலும் பறக்கும் வண்டி உண்டு, மின்சாரத்தில் ஓடுகிறது. எனவே பறக்கும் காரை வரைகிற பிள்ளைகள் கோபிக்க வேண்டாம். ஆனால் வந்த விருந்தாளிக்கு முதலில் காட்டியவற்றில் ஒன்று என்ன தெரியுமா? அடுப்படி. காய்கறித் தோட்டத்துக்கு நடுவில், பூக்களோடு, பளிச்சென்று ஓர் அடுப்படி. கரி இல்லை. புகை இல்லை. புகைபோக்கியும் இல்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று அவள் கேட்க, சூரிய வெப்பத்தைச் சேமித்துக் குழாய் வழியாகக் கொண்டுவருகிறோம் என்கிறார்கள்.

அந்த வெப்பத்தைச் சேமிக்கக் கற்றது ஒரு பெண்கள் பல்கலைக்கழகம். இன்னொரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்தே தண்ணீரை இறக்கிக்கொள்ளும் பலூன் செய்தது. அப்போது அந்த நாட்டு ஆண்கள் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்களின் ஆராய்ச்சியை வெறும் உணர்ச்சிப் பிதற்றல் என்கிற மாதிரி கேலி செய்தார்கள். அப்புறம் எதிரி படையெடுத்து வந்தபோது விரட்டியது அந்தச் சூரிய வெப்பம்தான். ஆபீஸ் வேலையை எப்படி இரண்டே மணி நேரத்தில் முடிக்கிறீர்கள் என்றும் விருந்தாளி கேட்கிறாள். ஆண்கள் மாதிரி சுருட்டுப் பிடித்துக்கொண்டு பொழுதைக் கழிப்பதில்லையே என்கிறாள், ஊரைச் சுற்றிக் காட்டும் தோழி. ஆறு மணி நேரம் சுருட்டுக்கே போகிறது என்று கணக்கும் உண்டு. இதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன், எங்கள் பழைய ஆபீசை நினைத்துக்கொண்டு.

பிரான்சு அட்டைகளும் இந்தக் கதையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவை. அங்கே 2000-லும் வேலைக்காரி கம்பைப் பிடித்து நிற்கிறாள். இங்கே புகையிலிருந்து கற்பனை கிளம்புகிறது. குடம் கவிழ்த்துப் படம் போட்ட பிள்ளை ரொக்கேயாவின் கட்சி. நாங்கள் மூன்று நடுவர்களும் சாக்லேட் கம்பெனிக் கட்சியாக இருந்திருக்கிறோம்.

நம் மொழியிலும் இந்தக் கட்சிக்கு ஆள் உண்டு. காசியில் பேசுவதைக் காஞ்சியில் கேட்கக் கருவி செய்வோம் என்ற பாரதியின் வரியை மேடைக்கு மேடை சொல்கிறோம். அதே பாட்டில், சந்திர மண்டலத்தின் இயல்பைக் கண்டு தெளிவோம் என்று சொன்ன கையோடு அவர் சொல்லும் அடுத்த வரியை நம்மில் எத்தனை பேர் மேடையில் சொல்கிறோம்? சந்தியும் தெருவும் பெருக்கும் சாத்திரம் கற்போம் என்பது அந்த வரி. நிலவும் துடைப்பமும் அடுத்தடுத்து! மோனைக்காகச் சேர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். இருக்கட்டுமே, தெருப் பெருக்குவதைச் சாத்திரம் என்று சொல்ல மோனை மட்டும் போதாது.

பெரியார் 1940களில் "இனிவரும் உலகம்" என்று பேசியதில், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும், ஆளுக்கு ஆள் உருவம் காட்டிப் பேசிக்கொள்வார்கள் என்ற பகுதியைத்தான் இன்றைக்கு எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். செல்போனை முன்பே சொன்னார் என்று மார்தட்டுவது சுலபம். கக்கூஸ் எடுக்கவும் தெருக் கூட்டவும் மிஷின் வரும், மனுசன் அதைச் செய்யவேண்டிய நிலை இருக்காது என்று சொன்னதை எடுத்துப் போடுகிறவர்கள் குறைவு. அவர் சொன்னதில் பலிக்காததும் இருக்கிறது; ஒரு வாரச் சாப்பாட்டைச் சின்னக் குப்பியில் அடைத்துவிடலாம் என்றதை எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளாது.

சட்டைப்பைச் சாதனம் பிசகாமல் வந்து சேர்ந்தது. கக்கூஸ் மிஷின்? மனிதர்கள் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். இன்னும் பாதாளச் சாக்கடைக்குள் ஆள் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தார் என்ற செய்தியைப் படிக்கிறோம். 2018-ல் கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலர் "பாண்டிகூட்" என்று ஒரு ரோபோ செய்து திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள்; ஆள்நுழைக் குழிக்குள் அது இறங்கி அள்ளும், ஆள் மேலே நின்று ஓட்டுவார். நான் பார்த்த நூற்றுச் சொச்சம் படங்களில் காபி கொடுக்கும் ரோபோ ஐம்பதாவது இருக்கும். சாக்கடைக்குள் இறங்கும் ரோபோ ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள்மேல் தப்பில்லை. காபி கொடுக்கும் ரோபோவைத்தான் காலம் காலமாக அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். 1962-ல் வந்த "ஜெட்சன்ஸ்" என்ற அமெரிக்கக் கார்ட்டூனிலேயே பறக்கும் காரும் ஏப்ரன் கட்டிய வேலைக்கார ரோபோவும் சேர்ந்தே வந்துவிட்டன. நம் பிள்ளைகள் அறுபது வருடத்துப் பழைய எதிர்காலத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இது என் சொந்தப் புலம்பல் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பழைய எதிர்காலப் படம் எதிலும் வெட் கிரைண்டர் இல்லை. பாரீஸிலும் பெர்லினிலும் அதை வரைய வாய்ப்பில்லைதான்; அவர்களுக்கு ஆட்டுக்கல் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் சாயங்காலத்தை மாற்றியது எது என்றால் ராக்கெட் இல்லை, கிரைண்டர்தான். 1950களில் கோயம்புத்தூரில் பிறந்த சாமான். இப்போது "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிக்கொடுத்து, முக்கால் மணி நேரம் குந்தியிருந்த இடத்தில் இப்போது ஒரு சுவிட்ச். 2011-க்குப் பிறகு அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது இலவசம் என்று இளப்பமாகப் பேசியவர்களில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கிரைண்டர் வந்ததால் என் அம்மா சும்மா இருந்தாளா என்று கேட்காதீர்கள். அதுவரை வாரத்துக்கு ஒருநாள் இட்லி. அப்புறம் தினமும் இட்லி. வாஷிங் மிஷின் வந்ததும் ஒருநாள் போட்ட சட்டையை மறுநாள் போடமாட்டேன் என்கிறார்கள். 1930-ல் கெய்ன்ஸ் என்ற பொருளாதார மேதை, நூறு வருடத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும் என்ற நிலை வரும் என்றார். இன்னும் சில வருடம்தான் பாக்கி. வீட்டு வேலையை அந்தக் கணக்கில் சேர்த்தாரா என்று என் மருமகளிடம் கேட்டால் சிரிப்பாள். அதனால்தான் அந்தப் பிள்ளை எழுதியதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். குழாய் வந்தது என்று அவள் எழுதவில்லை. ஆச்சி சும்மா இருக்கா என்று எழுதினாள். குழாய் வந்தபிறகும் ஆச்சிக்கு வேறு வேலை சுமத்தாத வீட்டை வரைந்திருக்கிறாள். டெக்னாலஜி எங்கே என்று கேட்டோமே, நாங்கள்!

இனி என் கோரிக்கை.

பிப்ரவரி 28 என்பது, ராமன் விளைவு என்று சொல்கிற ஒளிச்சிதறலை சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த நாள். 1987-லிருந்து அதை அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். கடலின் நீலம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கப்பலில் போகும்போது பார்த்து யோசித்த மனிதர் அவர். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த கடல்தான் அது. அவருடைய நாளில் பிள்ளைகளிடம் யாரும் பார்க்காத 2050-ஐக் கேட்பதைவிட, அவர்கள் தினமும் பார்ப்பதில் தொடங்கச் சொல்லலாம்.

தலைப்பை மாற்றுங்கள். "உங்கள் வீட்டில் அல்லது தெருவில் ரொம்பக் கஷ்டமான வேலை செய்கிறவர் யார்? 2050-ல் அவரை வரையுங்கள்" என்று கொடுத்துப் பாருங்கள். பறக்கும் கார் வரைய ஆசைப்படுகிற பிள்ளை தாராளமாக வரையட்டும். அதை ஓட்டுகிறவர் யார், ராத்திரி அதைக் கழுவுகிறவர் யார் என்று மட்டும் படத்தில் காட்டச் சொல்லுங்கள். பீடி சுற்றும் அம்மா, செங்கல் சூளைக்குப் போகும் அப்பா, ராத்திரி வாட்ச்மேன் தாத்தா எல்லாரும் வருவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பீடித்தட்டை வரையச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரைவதற்கு முந்தின நாள் அந்த ஆளிடம் போய், "உனக்கு எதுக்கு மிஷின் வேணும்?" என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. "எனக்கு மிஷின் வேண்டாம், சம்பளத்தைக் கூட்டிக் கொடு" என்று ஒரு பாட்டி சொன்னால், அதையும் எப்படி வரைவது என்று பிள்ளை யோசிக்கட்டும். கட்டுரைப் போட்டிக்கும் இது பொருந்தும். "விஞ்ஞானம் வரமா சாபமா" என்று கேட்டுக் கேட்டு நமக்கே அலுத்துவிட்டதே.

நடுவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண் தாளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்த தாளில் வண்ணம் 10, சுத்தம் 10, கற்பனை 10, தொழில்நுட்பம் 20 என்று இருந்தது. அந்தக் கடைசி வரியை வைத்துத்தான் ஆச்சியைத் தோற்கடித்தோம். அதை எடுத்துவிட்டு, "இந்தப் படத்தில் யாருடைய சுமை குறைகிறது: 20" என்று போடமுடியுமா? எண்ணைக் கூட்டினால் அதே ஐம்பதுதான் வருகிறது, ஆபீசில் கேள்வி வராது.

அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். போட்டி முடிந்ததும் பரிசு பெறாத படங்களைக் கட்டி பழைய ஆய்வகத்து அலமாரியில் போட்டுவிட்டார்களாம். நான் போய்க் கேட்டு, தூசி தட்டி, பிள்ளையின் வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆச்சிக்குக் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குடத்தின் மேல் நின்ற கோழிக்கு மஞ்சள் கொஞ்சம் அழிந்திருந்தது.

அடுத்த பிப்ரவரிக்கு நாள் இருக்கிறது. நடுவர் நாற்காலிக்கு ஆள் குறைந்தால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன். காபி வேண்டாம், மோர் போதும்.

அன்புடன்,
ஒரு பழைய டிரங்க் ஆபரேட்டர்